திமிங்கல வகுப்பு எடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு வந்து, திமிங்கலங்களைப் பற்றியும் கடலைக் காப்பதைப் பற்றியும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்கே வாசலில் நின்று நன்றி சொன்னோம். ஆனால் மூட்டை முடிச்சுகளை வண்டியில் ஏற்றும் அவசரத்தில் நீங்கள் இருந்தீர்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போகும் அவசரத்தில் நாங்கள் இருந்தோம். அதற்குப் பிறகு வீட்டில் நடக்கும் பேச்சைக் கேட்கக் கேட்க, வாசலில் சொன்ன அந்த ஒரு வார்த்தை போதாது என்று பட்டது. அதனால் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். இதே வேலையை அருங்காட்சியகத்தில் எலும்புக்கூட்டின் கீழே நின்றும், படகில் மைக் பிடித்தும், சாதாரண வகுப்பறையில் சாக்பீஸோடும் செய்கிற எல்லோரும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் நன்றிக்கான முக்கியமான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் நடப்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னீர்கள். அதே சமயம், அதைச் சரிசெய்யும் பாரத்தை அவர்கள் தலையில் கட்டவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் கொண்டுவந்து காற்றடித்து நிறுத்திய அந்தத் துணிக் கூன்முதுகுத் திமிங்கலம் கூடம் முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது. நிஜ அளவு என்பதால் தலை மேடைப் பக்கம், வால் கதவுப் பக்கம். பக்கவாட்டில் இருந்த ஜிப்பைத் திறந்து பிள்ளைகள் குனிந்து உள்ளே போனார்கள். உதவிக்கு வந்த பெற்றோர் என்ற சலுகையில் நானும் பின்னாலேயே போனேன். உள்ளே துணியில் தைத்த இதயம், நுரையீரல், விலா எலும்புகள். உடனே பாடம் ஆரம்பிக்கும் என்று நினைத்தேன். உங்கள் குழுவில் இருந்த அக்கா, "இதுக்கு செவுள் எங்க இருக்கு, கண்டுபிடிங்க பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் துணியைத் தடவித் தடவித் தேடினார்கள். கடைசியில் ஒரு சிறுவன், "இல்லவே இல்ல அக்கா, நுரையீரல்தான் இருக்கு" என்று கத்தினான். "அப்போ எப்படி மூச்சு விடும்?" என்று கேட்டதும் எல்லோரும் மேலே பார்த்தார்கள். தலைக்கு மேல் இரண்டு மூக்குத் துளைகள். பல் உள்ள திமிங்கலங்களுக்கு ஒன்றுதான், சல்லடை போன்ற பலீன் தகடு உள்ளவற்றுக்கு இரண்டு என்று அப்போது சொன்னது என் மகளுக்கு அப்படியே பதிந்துவிட்டது. அப்புறம் வெளியே வந்து தொப்புளைத் தேடச் சொன்னீர்கள். திமிங்கலத்துக்குத் தொப்புள் உண்டு என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். துடுப்புக்குள் இருக்கும் விரல் எலும்புகளின் படத்தின் மேல் பிள்ளைகள் தங்கள் கையை வைத்துப் பார்த்ததும் கண் முன்னால் நிற்கிறது.

இதையெல்லாம் வேடிக்கைக்காகச் செய்யவில்லை என்பது அடுத்த பாதியில் புரிந்தது. அந்த உடம்பை முதலில் பழக்கிவிட்டுத்தான் அதற்கு நேர்ந்ததைச் சொல்ல ஆரம்பித்தீர்கள்.

வேட்டையைப் பற்றிய பகுதி வரும் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் கிட்டத்தட்ட 29 லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. இதை எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் 27 பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னீர்கள். ஒவ்வொருவரும் ஆயிரம் திமிங்கலம். தென் அட்லாண்டிக்கின் மேற்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் சுமார் 27,000 கூன்முதுகுத் திமிங்கலங்கள் இருந்தன. எண்ணெய்க்காக வேட்டை நடக்க நடக்க, ஒவ்வொருவராக உட்காரச் சொன்னீர்கள். 1950கள் வந்தபோது ஒருவர்கூட நிற்கவில்லை. மிச்சம் சுமார் 450 என்பதால் ஒரு சிறுமியின் கை மட்டும் மேலே இருந்தது. கூடத்தில் சத்தமே இல்லை. ஒருவன் மட்டும், "அவங்கள்லாம் கெட்டவங்களா?" என்று கேட்டான். அதற்கு அக்கா சொன்ன பதிலுக்காகவே தனியாக ஒரு நன்றி. அவர்கள் சம்பளத்துக்குப் போன ஆட்கள், அந்த எண்ணெய் சோப்பாகவும் மார்கரினாகவும் விளக்கு எரிக்கும் எண்ணெயாகவும் பல வீடுகளுக்குப் போனது, கடலில் எடுக்க எடுக்கக் குறையாது என்று நம்பினார்கள், வெடிக்கும் ஈட்டியும் வேகமான கப்பலும் வந்த பிறகு அந்த நம்பிக்கை எவ்வளவு தப்பு என்று தெரிவதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன என்றார். யாரையும் அரக்கனாக்கவில்லை, நடந்ததைப் பூசி மெழுகவும் இல்லை.

பிறகு எப்படி நின்றது என்பதையும் படிப்படியாகச் சொன்னீர்கள். 1946ல் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டும் வேட்டை ஓயவில்லை. 1966ல் நீலத் திமிங்கலத்துக்குப் பாதுகாப்பு வந்த பிறகும் களவாகக் கொன்றார்கள். 1982ல் சர்வதேசத் திமிங்கல ஆணையத்தில் வாக்கெடுத்து, வணிக வேட்டையை நிறுத்துவது 1986ல் நடைமுறைக்கு வந்தது. சில நாடுகள் இன்றும் அதை ஏற்கவில்லை என்பதையும் விடாமல் சொன்னீர்கள். அதன் பிறகு பிள்ளைகளை மறுபடி எழச் சொன்னபோது, ஒருவர், இருவர், ஐவர் என்று 25 பேர் எழுந்து நின்றார்கள். அந்தப் பகுதியில் இப்போது சுமார் 25,000 கூன்முதுகுத் திமிங்கலங்கள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். ஒரு கூட்டம் முடிவு எடுத்தால், அதைக் கடைப்பிடித்தால், இழந்தது திரும்பி வரும் என்பதை நான் அத்தனை தெளிவாக எங்கும் கண்டதில்லை.

அதோடு முடித்திருந்தால் எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்போம். நீங்கள் முடிக்கவில்லை. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் என்று ஒன்று இருக்கிறது, அது 400க்கும் குறைவாகத்தான் மிச்சம், அதைக் கொல்லுபவை இப்போது மீன்பிடிக் கயிறுகளும் கப்பல்களும் என்றீர்கள். ஆளுக்கொரு ரப்பர் பேண்டைக் கொடுத்து, சுண்டுவிரலில் ஒரு முனை, புறங்கை வழியாக இழுத்துக் கட்டைவிரலில் மறுமுனை என்று மாட்டச் சொன்னீர்கள். இன்னொரு கையும் பல்லும் படாமல் கழற்ற வேண்டும். என் மகள் கையை உதறினாள், மேசையில் தேய்த்தாள், விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். இழுக்க இழுக்க அது இறுகிற்று. முகம் சிவந்துபோய், "முடியலம்மா" என்று என்னைப் பார்த்தாள். அப்போது உங்களில் ஒருவர் வந்து மெதுவாக அதைக் கழற்றிவிட்டு, "கடல்லயும் இப்படி வந்து எடுத்துவிடற ஆட்கள் இருக்காங்க" என்று அமெரிக்காவின் பிராவின்ஸ்டவுனில் 1984 முதல் இதைச் செய்துவரும் மீட்புக் குழுவைப் பற்றிச் சொன்னார். சின்னப் படகில் போய், நீளமான கழியின் முனையில் வளைந்த கத்தியை மாட்டி, பதறிக்கொண்டிருக்கும் அத்தனை பெரிய உயிரின் பக்கத்தில் நின்று கயிற்றை அறுக்கும் வேலை அது. கப்பல்கள் மோதாமல் இருக்க, கனடாவின் பண்டி விரிகுடாவில் 2003ல் கப்பல் பாதையையே நகர்த்தினார்கள், பாஸ்டன் பக்கம் 2007ல் நகர்த்தினார்கள், 2008ல் அமெரிக்கக் கரையோரத்தின் சில பகுதிகளில் பெரிய கப்பல்கள் 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று விதி வந்தது என்பதையும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

இதில் நான் கவனித்தது ஒன்று உண்டு. எந்த இடத்திலும், "நீங்கள் ஸ்ட்ரா பயன்படுத்துவதை விட்டுவிட்டால் திமிங்கலம் பிழைத்துவிடும்" என்று சொல்லவில்லை. குப்பையைக் குறைப்பது நல்லதுதான், அதையும் சொன்னீர்கள். ஆனால் கப்பலின் வேகத்தையும் வலையின் கயிற்றையும் தீர்மானிப்பது பெரியவர்கள், அரசாங்கங்கள், கம்பெனிகள் என்று நேராகச் சொன்னீர்கள். பிள்ளைகளின் வேலை தெரிந்துகொள்வது, கேள்வி கேட்பது. பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. ஒன்பது வயதுக் குழந்தை கடலைக் காப்பாற்ற வேண்டும் என்று பயந்துகொண்டே தூங்கப் போகிறது. அது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். என் மகள் பயப்படவில்லை. "நாம வாங்குற சாமான் வர்ற கப்பல் எவ்வளவு வேகத்துல வருது?" என்று என்னைக் கேட்கிறாள். பதில் தேடிப் படிக்க வேண்டியது இப்போது என் பொறுப்பு. சரியான ஆளிடம்தான் கேள்வியை அனுப்பிவைத்திருக்கிறீர்கள்.

அப்புறம், அந்த ஓய்வுபெற்ற பெரியவர். பிள்ளைகள் இப்போதும் 'கக்கா தாத்தா' என்று பாசமாகச் சொல்வது அவருக்குத் தெரியுமோ என்னவோ. திமிங்கலத்தின் கழிவைச் சேகரித்து ஆராய்வார்கள், அதை மோப்பம் பிடிக்கப் படகின் முனையில் நாயை நிறுத்திக்கொண்டு போவார்கள் என்று அவர் சொன்னதும் கூடமே குலுங்கியது. சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னதுதான் முக்கியம். 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் கப்பல்கள் குறைந்தன. பண்டி விரிகுடாவில் நீருக்கடியில் இரைச்சல் 6 டெசிபெல் இறங்கியது. அதே நாட்களில் எடுத்த ரைட் திமிங்கலக் கழிவில் பதற்றத்தைக் காட்டும் ஹார்மோன் குறைந்திருந்தது. 2012ல் இந்த ஆய்வு வெளியானது. சத்தமும் ஒரு மாசு என்பதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். திமிங்கலம் ஏன் தண்ணீரை விட்டு மேலே துள்ளுகிறது என்று கேட்டவளுக்கு, "பல காரணம் சொல்றாங்க, இன்னும் உறுதியா யாருக்கும் தெரியாது, நீ பெரியவளாகிக் கண்டுபிடி" என்று சொன்னதும் அவர்தான்.

இன்னொரு தன்னார்வலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ள முடியவில்லை. திமிங்கலத்துக்குள் போக ஒரு பையன் பயந்து, சுவரோரம் ஒட்டி நின்றான். அவனை யாரும் வற்புறுத்தாமல் பார்த்துக்கொண்டு, அவனோடு தரையில் உட்கார்ந்து, வால் படங்கள் அடங்கிய அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். கூன்முதுகுத் திமிங்கலத்தின் வால் அடியில் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது, அதை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள் என்று சொல்லி, ஜோடி சேர்க்கச் சொன்னார். மற்றவர்கள் வெளியே வந்தபோது அவன் பாதி அட்டைகளைச் சேர்த்து முடித்திருந்தான். 2013ல் கொலம்பியா அருகே பசிபிக்கில் படமெடுத்த ஒரு ஆண் திமிங்கலம் 2022ல் ஆப்பிரிக்காவின் சான்சிபார் அருகே தென்பட்டது, இரண்டு இடங்களுக்கும் இடையே 13,000 கிலோமீட்டருக்கு மேல், அதைக் கண்டுபிடித்தது சுற்றுலாப் பயணிகளும் ஆய்வாளர்களும் திமிங்கலங்களைப் படம் வைத்து அடையாளம் காணும் ஹேப்பிவேல் என்ற இணையதளத்துக்கு அனுப்பிய வால் படங்களிலிருந்துதான் என்று அவனுக்குச் சொன்னதை, மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் சொன்னவன் அவன்தான். அவனுடைய அம்மா இதை எழுதும்படி என்னிடம் தனியாகச் சொன்னார்.

கணக்குப் பாடவேளையை விட்டுக்கொடுத்த வகுப்பாசிரியைக்கும், கூடத்தைக் காலி செய்து, முடிந்ததும் பெருக்கித் துடைத்த பணியாளர்களுக்கும், துணியில் விழுந்த ஓட்டையை ஓரமாக உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தவருக்கும், வண்டி ஓட்டி வந்தவருக்கும் எங்கள் நன்றி.

அடுத்த முறை வரும்போது ஒரு மணி நேரம் பெற்றோருக்கும் ஒதுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு எங்களுக்கும் பாடம் தேவைப்படுகிறது. காற்றை இறக்கி அந்தத் திமிங்கலத்தைச் சுருட்டி மடிக்க நீங்கள் பட்ட பாட்டையும் பார்த்தேன். அதற்கு ஆள் வேண்டுமானால் பள்ளியில் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் சிலர் வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
பிள்ளைகளின் பெற்றோர் சார்பாக,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா