வானியல் மன்றம் – செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இந்த அறிக்கை வழக்கம்போல வாட்ஸ்அப் குழுவில் போடப்படும். அங்கே கைகூப்பும் பொம்மை போடுவதில் நம் உறுப்பினர்கள் ஒருபோதும் குறை வைத்ததில்லை.

மழை மாதங்கள் நீங்கலாக மாதாந்திர வான்நோக்கு இரவுகள் நடந்தன. செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணத்துக்கு நல்ல கூட்டம். பள்ளி நிகழ்ச்சிகள் நடந்தன. பொங்கல் வினாடி வினாவுக்குப் பரிசளித்த துணைத்தலைவருக்கு நன்றி. நூலகப் புத்தகங்களை எடுத்தவர்கள் திருப்பித் தரவும்.

ஊட்டி முத்தோரைக்கு ஒரு நாள் பயணம் போனோம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி அங்கே 1970 முதல் இயங்குகிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். மலைச்சரிவு ஏறக்குறைய 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதே 11. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு வான்பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். அலைகள் வந்து சேரும் குவியக்கோட்டில் வரிசையாக 1056 இருமுனை ஆண்டெனாக்கள். வேனில் இடம் போதாது என்று முன்கூட்டியே சண்டை போட்டவர்களில் பலர் அன்று காலை வரவில்லை. காலி இருக்கைக்கும் வாடகை மன்றம்தான் கொடுத்தது.

இனி ரேடியோ ஏற்பித் திட்டம், அதாவது வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடிக்கும் கருவி. சென்ற பொதுக்குழுவில் பெரும்பான்மையோடு நிறைவேறிய தீர்மானம் இது. “அந்தப் பணத்துக்கு 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கியிருக்கலாமே” என்று வெளியே பேசுகிறவர்கள் அன்று கை தூக்கியவர்கள்தான். ஆகவே என்ன வாங்கினோம், எதற்கு வாங்கினோம் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பால்வெளியில் இருக்கும் ஹைட்ரஜன் அணு 1420.4 மெகாஹெர்ட்ஸில் தானாக உமிழும் அலையைப் பிடிப்பதுதான் நோக்கம். 1951இல் யூவனும் பர்செலும் ஹார்வர்டில் முதன்முதலாகப் பிடித்த அதே 21 சென்டிமீட்டர் அலை. நம்முடைய ஹார்ன், அதாவது வாய் அகன்ற புனல் போன்ற ஆண்டெனா, அலுமினியத் தகட்டில் ஆனது. அதன் தொண்டைப் பகுதி காலி தின்னர் டின். அதற்குள் ஐந்தேகால் சென்டிமீட்டர் செப்புக்கம்பி நிற்கிறது, அலைநீளத்தில் கால் பங்கு. அதற்குப் பின்னால் ஒரு இரைச்சல் குறைந்த பெருக்கி, ஒரு வடிகட்டி, டிவி பார்க்கச் செய்த மலிவு விலை டாங்கிள் (கணினியில் செருகும் குட்டி ரேடியோ ஏற்பி), கடைசியில் ஒரு ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி. எல்லாம் சேர்ந்தும் டாப்சோனியன் விலையில் பாதி கூட ஆகவில்லை.

“எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு பிறகு நிதானமாகக் கணக்குப் போடலாமே” என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. டாங்கிள் நொடிக்கு 24 லட்சம் முறை அலையை அளந்து 24 லட்சம் சாம்பிள் தருகிறது. ஒவ்வொன்றும் இரண்டு பைட். ஒரு மணி நேரத்துக்கு 17 ஜிபி, ஒரு முழு நாளுக்கு 400 ஜிபிக்கு மேல். மன்றத்தின் நிதிநிலைக்கு இது ஒரு வாரம் கூடத் தாங்காது. எனவே வருகிற வேகத்திலேயே கணக்கை முடித்துவிட்டு மூலத்தைத் தூக்கிப் போட வேண்டும். 2048 சாம்பிள்களை எடு, ஃபூரியர் மாற்றம் செய் (அலையை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு), ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் திறனைக் கணக்கிடு, முன்னதோடு கூட்டு. நொடிக்கு ஏறத்தாழ 1170 முறை இது நடக்கிறது. இப்படிக் கிடைக்கும் நிறமாலைகளில் ஒரே ஒன்றை எடுத்துப் பார்த்தால் இரைச்சலின் ஏற்ற இறக்கம் இரைச்சலின் அளவுக்கே இருக்கும், ஒன்றும் தெரியாது. பத்து நொடி சராசரி எடுத்தால் அது நூற்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அப்போதுதான் சில சதவீதமே உயரமுள்ள ஹைட்ரஜன் மேடு வரைபடத்தில் தலைகாட்டும். வட்டில் சேமிப்பது அந்தச் சராசரி மட்டுமே, ஒரு நாளுக்கு 70 எம்பி.

இதில் சிக்கல் கணக்கில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. குழாயடியில் ஒரு குடம் நிரம்பும்போதே முந்தைய குடத்தை ஊற்றிவிட்டு ஓடிவர வேண்டிய வேலை இது. தாமதித்தால் சிந்தியது சிந்தியதுதான். மே மாத மொட்டைமாடி வெயிலில் ராஸ்பெரி பை 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், சாம்பிள்கள் சத்தமில்லாமல் விழுந்துபோகும். மென்பொருள் எச்சரிக்கை எதுவும் தராது. வந்த சாம்பிள் எண்ணிக்கையைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தேன். மின்விசிறி வாங்கிய ரசீது பொருளாளரிடம் இருக்கிறது. அதையும் ஆடம்பரம் என்றார்கள்.

அடுத்த தொல்லை எதிர்க் கடையின் எல்இடி பலகை கிளப்பும் ரேடியோ இரைச்சல். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகம் முழுக்க வானியலுக்காகக் காக்கப்பட்ட பட்டை, அதில் யாரும் ஒலிபரப்பக் கூடாது. அது எல்இடி பலகைக்குத் தெரியுமா? பலகை மினுக்கும்போது ஒரு நொடி பாழானால் பத்து நொடிச் சராசரியும் பாழ். ஆகவே பத்து நொடியைச் சிறு துண்டுகளாக்கி, சராசரிக்குப் பதில் நடுமதிப்பை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை எடுக்கிறோம். ஒன்றிரண்டு துண்டு எகிறினாலும் நடுமதிப்பு அசையாது. புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி என்ற பெரிய ரேடியோ தொலைநோக்கியிலும் மின்கம்பித் தீப்பொறி இரைச்சலை நிகழ்நேரத்தில் களைய நடுமதிப்பை அடிப்படையாகக் கொண்ட முறையே கையாளப்படுகிறது. அங்கே எஃப்பிஜிஏ என்ற, வேலைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் சில்லுக்குள் நடக்கிறது, இங்கே அந்த மின்விசிறியின் காற்றில் நடக்கிறது.

பலன் கிடைத்தது. நாம் இருக்கும் கோவையின் அட்சரேகையும் 11 டிகிரிதான் என்பதால் நேர் மேலே பார்க்கும் ஹார்னைப் பால்வெளித் தளம் நாளுக்கு இருமுறை கடக்கிறது. திருவோண நட்சத்திரம் உச்சிக்கு வரச் சற்று முன்னால் ஒருமுறை, திருவாதிரை உச்சியைத் தாண்டிய சற்று நேரத்தில் ஒருமுறை. திருவோணப் பக்கம் மேடு விரிந்து, குறைந்த அதிர்வெண் பக்கமாக நீள்கிறது, அதாவது அந்த வாயு நம்மைவிட்டு விலகிப் போகிறது. திருவாதிரைப் பக்கம் ஒடுங்கிவிடுகிறது. “இது செல்போன் டவர்” என்றார் ஒருவர். ஆகஸ்ட் கடைசியில் இரவு ஒன்பதரை வாக்கில் வந்த திருவோணப் பக்க மேடு செப்டம்பர் கடைசியில் ஏழரைக்கே வந்துவிட்டது. நட்சத்திரங்களைப் போலத் தினமும் நாலு நிமிடம் முந்தி வருகிற செல்போன் டவர் எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள். வரைபடத்தைக் காட்ட இருமுறை கூட்டம் போட்டேன். தலைவரும் பொருளாளரும் வந்தார்கள். டீ வடைக்குச் சொல்லியிருந்தது முப்பது பேருக்கு.

கணக்கு விவரம்: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். முன்பண இருப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. சந்தா பாக்கி கணிசமாக இருக்கிறது, பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. சிலர் அதற்கு முந்தையதையும். பெயர்ப் பட்டியல் என்னிடம் உள்ளது. இப்போதைக்கு வாசிக்கவில்லை.

மொட்டைமாடியைத் தந்த பொருளாளர் குடும்பத்துக்கும், அரங்கம் தந்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ஹார்ன் வைத்து இரண்டின் சமிக்ஞையையும் நிகழ்நேரத்தில் பெருக்கிச் சராசரி எடுத்தால் அது குறுக்கீட்டுமானி ஆகிவிடும், அதாவது இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய தொலைநோக்கி போல வேலை செய்யும். ஜிஎம்ஆர்டியில் 30 ஆண்டெனா, 435 ஜோடி. நமக்கு ஒரே ஒரு ஜோடி போதும். ஆனால் இரண்டு டாங்கிளும் அவற்றுக்குக் கடிகாரமாக இருக்கும் ஒரே 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஓட வேண்டும். ஒன்றின் படிகத்தைக் கழற்றி மற்றதிலிருந்து கம்பி இழுக்க, கை நடுங்காமல் சாலிடரிங் செய்யும் ஒருவர் வேண்டும். நம் மன்றத்தில் அப்படி மூன்று பேர் இருப்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இன்னொரு டாங்கிள், பெருக்கி, கம்பி ஆகியவற்றின் விலை பாக்கிச் சந்தாவில் ஒரு பகுதியே. அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்றாலும் எனக்கு மகிழ்ச்சிதான், ராஸ்பெரி பையின் கடவுச்சொல்லை அன்றே கொடுத்துவிடுகிறேன். செயலாளர் பதவிக்கான வேட்புமனு இதுவரை ஒன்றும் வரவில்லை. படிவம் பொருளாளரிடம் கிடைக்கும், சந்தா ரசீதுப் புத்தகமும் அவரிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்