அண்டாவில் இருந்த பெயரைப் படித்துத் தந்தவர்களுக்கு நன்றி

அம்மா மறைந்தபின் பெரம்பூர் வீட்டுப் பரணைக் காலி செய்தபோது, எடைக்குப் போகவிருந்த பழைய பாத்திரங்களிலிருந்து ஒரு பித்தளை அண்டாவை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் கழுத்தில் புள்ளிபுள்ளியாக வெட்டியிருந்த எழுத்துகளைப் படிக்க ஆறு மாதம் ஆயிற்று. அதற்குத் துணைநின்றவர்களுக்கே இம்மடல்.

முதல் நன்றி, மயிலாப்பூர் மாடவீதியில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டித் தரும் பெரியவருக்கு. புளி போட்டுத் தேய்த்தால் வெட்டு இன்னும் மழுங்கிவிடும் என்று என்னைத் தடுத்து, அரிசிமாவைத் தடவித் துடைத்து, எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும்படி செய்தவர் அவர். சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரையே வெட்டுவது வழக்கம், முன்னெழுத்து அவளைப் பெற்றவருடையது என்றும் அவரே சொன்னார். எங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. கொள்ளுப்பாட்டியைப் பற்றி ‘ஒற்றியூர் ஆத்தா’ என்பதற்கு மேல் எவருக்கும் தெரியாது.

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பெயருக்குக் கீழே இருந்தது ‘துந்துபி’ என்னும் ஆண்டு என்று படித்துச் சொன்னார். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், அது 1862ஆகவும் இருக்கலாம், 1922ஆகவும் இருக்கலாம். அந்த ஐயத்தைத் தீர்த்தது மாமா காத்து வைத்திருந்த மொய் நோட்டு. ரூபாய், அணா, பை என்று மூன்று பத்திகளாக எழுதப்பட்ட அதன் முதல் பக்கத்தில் ‘துந்துபி ௵ தை ௴’ என்பதோடு 1923 என்ற எண்ணும் இருந்தது. தை மாதம் ஆங்கில ஆண்டின் தொடக்கத்தில் வருவதால் இரண்டும் பொருந்தின. அந்த நோட்டைத் தயங்காமல் என்னிடம் ஒப்படைத்த மாமாவுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நிறைவாகச் சித்திக்கு. எழுபது வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் அவர் ‘பாப்பா’தான். மாமியாரின் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று அம்மாச்சி மகளை அப்படியே அழைத்துவந்ததால், குடும்ப அட்டையில் உள்ள பெயர் எவர் நினைவாக வைக்கப்பட்டது என்பதைச் சித்தியே அறிந்திருக்கவில்லை. அண்டாவில் இருந்தது அதே பெயர். ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவிப் படித்துவிட்டு, அவர் வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். அண்டா இப்போது திருவொற்றியூரில், அவர் வீட்டில் இருக்கிறது.