கப்பலுக்குப் பெட்டி கட்டுபவர்கள் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். கப்பலுக்கு என்ன உடுப்பு கொண்டுவருவது என்று மாமிமார் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நாங்கள் சிங்கப்பூரில் ஏறுவது 7 இரவுப் பயணம். அதில் 2 இரவுதான் ஃபோர்மல், அதாவது இரவுச் சாப்பாட்டுக்கு விசேஷமாக உடுத்துப் போகும் இரவு. அதற்கு ஆளுக்கு ஒரு பட்டுச் சேலை போதும், இரண்டாம் இரவுக்குச் சேலைச் சட்டையை மட்டும் மாற்றுங்கள். படத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், பெரியம்மாவைத் தவிர! ஆண்களுக்குக் கோட் இல்லாவிட்டால் நீளக் காற்சட்டை, கொலர் வைத்த சேர்ட், சப்பாத்து. அரைக்காற்சட்டையும் பாட்டா செருப்பும் இரவுச் சாப்பாட்டு மண்டபத்துக்குச் சரிவராது. உடுத்த அலுப்பாக இருந்தால் மேல்தட்டு பஃபேக்குப் போகலாம்.

முக்கியமானது: துறைமுகத்தில் கொடுக்கும் பெரிய பெட்டி அறைக்கு வர இரவாகிவிடலாம். முதல் இரவு உடுப்பும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். அயன்பெட்டி கொண்டுவர வேண்டாம், தீ ஆபத்து என்று கப்பலில் வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் கசங்காத துணியாகப் பாருங்கள்.

சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கப் போகிறேன். வருபவர்கள் வெள்ளிக்குள் சொல்லுங்கள், வான் வண்டியில் 4 இடம்தான் இருக்கிறது.