படகு சீட் விஷயமாகத் தம்பிக்கு

கிராண்ட் பே, மொரீசியஸ்
ஆடி மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. போனில் பேசும்போதெல்லாம் "எழுதுறேன், எழுதுறேன்" என்று சொல்லியே நாளைக் கடத்திவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. படகு சீட்டுக்குப் புது உறை தைப்பது எப்படி என்று நீ கேட்டதைப் போனில் சொன்னால் பாதி காதில் விழாது. தாளில் இருந்தால் கடைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம்.

இங்கே இப்போது குளிர்காலம். தென்கிழக்குக் காற்று நிற்காமல் வீசுகிறது. ராத்திரி 17, 18 டிகிரிக்கு இறங்கிவிடும். மேட்டில் இருக்கும் க்யூர்பீப் பக்கம் இதைவிடக் குளிர், கூடவே தூறல். அம்மாவிடம் கம்பளி இருக்கிறது என்று சொல். சாப்பாட்டுக்கும் குறைவில்லை. காலையில் கடைத்தெருவில் டால் பூரி, நம்ம பருப்பு வடை மாதிரியே காத்தோ பிமான். பக்கத்து வீட்டுத் தாத்தா ஞாயிற்றுக்கிழமை கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவருவார். அவருக்குத் தமிழ் பேச வராது, பேச்செல்லாம் இந்த ஊர் மொழியான கிரியோல்தான். ஆனால் ரசத்தை ரசோன் என்கிறார், முருங்கைக்கீரையை ப்ரேத் முரும் என்கிறார். இந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு என்று சொல்லியிருக்கிறேனே, அதை ஒவ்வொரு நோட்டாக நீட்டி வாசித்துக்காட்டச் சொல்வார். நான் வாசித்ததும் பின்னாலேயே சொல்லிப் பார்ப்பார். வாரா வாரம் இது நடக்கும்.

சரி, சீட் விஷயம். புதுச்சேரியிலிருந்து ஒருத்தர் படகு சீட்டைக் கடலூருக்கு, நம்ம கடைக்குக் கொண்டுவருகிறார் என்றால் அது அப்பா சம்பாதித்த பெயர். அதனால் கார் சீட் மாதிரிதானே என்று கையை வைத்துவிடாதே. கார் சீட் மேலே தேயும். படகு சீட் உள்ளே ஊறி அழுகும். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றிலும் தண்ணி இறங்கத்தான் செய்யும். இறங்கின தண்ணி வெளியே போக நீ வழி விட்டிருந்தால் சீட் பிழைக்கும், இல்லாவிட்டால் ரெண்டு வருஷத்தில் அவர் திரும்பி வந்து நிற்பார்.

கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு சீட்டையும் நாலு பக்கமும் படம் எடு. கழற்றும்போதே உறையின் உள்பக்கம் நம்பர் போடு, முன்பக்கம் எது என்று அம்புக்குறி போடு. வலது சீட்டும் இடது சீட்டும் பார்க்க ஒன்றாக இருக்கும், மாட்டும்போதுதான் அரை அங்குலம் இடிக்கும். பழைய தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக்கி பிரவுன் பேப்பரில் வரைந்துகொள். ஆனால் பழைய உறையின் அளவை அப்படியே நம்பாதே, ஒரு பக்கம் இழுபட்டிருக்கும், இன்னொரு பக்கம் வெயிலில் சுருங்கியிருக்கும். பலகையையும் புது ஃபோமையும் அளந்து சரிபார். வேலை முடிந்து அவர் வாங்கிக்கொண்டு போகும்வரை பழைய உறை ஒன்றையும் தூக்கிப்போடாதே.

பலகையை விரல் நகத்தால் அழுத்திப் பார். அமுங்கினால் மாற்றியே ஆகவேண்டும். 12 மி.மீ. மரைன் பிளைவுட், அதாவது தண்ணி தாங்குகிற ஒட்டுப்பலகை, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது வாங்கு. முத்திரை இருந்தாலும் ஓரத்தில் ஒரு துண்டு அறுத்து வெந்நீரில் நாலைந்து மணி நேரம் கொதிக்கவிடு. அந்தத் தரத்துக்கு 72 மணி நேரக் கொதிப்புச் சோதனை உண்டு, நாலு மணி நேரத்திலேயே அடுக்கு பிரிந்தால் அது போலி. பலகையை வெட்டி, எல்லா ஓட்டையும் போட்டு, ஓரத்தை மழுக்கித் தேய்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணி புகாமல் காக்கிற எபாக்சிப் பிசின் பூசவேண்டும். இந்த வரிசையை மாற்றாதே. பூசினபின் ஓட்டை போட்டால் அந்த ஓட்டைக்குள் பூச்சில்லாத வெறும் மரம் தெரியும், தண்ணி அங்கேயிருந்துதான் அடுக்குக்குள் போகும். மேலும் கீழும் ரெண்டு பூச்சு, விளிம்புக்கு மூணு, ஓட்டைக்குள்ளே குச்சியில் பஞ்சு சுற்றித் தடவு. தண்ணி வடிய ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக அரை அங்குல ஓட்டை போடு. அந்த ஓட்டை இன்னொரு வேலையும் செய்யும்: கனத்த ஆள் தொப்பென்று உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் காற்று அதன் வழியாகப் போய்விடும், தையல் பிளக்காது.

ஃபோம் கடையில் கட்டில் மெத்தை ஃபோமைக் காட்டுவார்கள். அது தண்ணியைக் குடித்துவிட்டு விடவே விடாது. பெரிய துளை உள்ள, மேலே தண்ணி ஊற்றினால் கீழே அப்படியே வந்துவிடுகிற டிரை ஃபாஸ்ட் ஃபோம் சென்னையில் தேடு. விலை கூடத்தான். உட்காரும் இடத்துக்காவது அதைப் போடு. சாய்மானத்துக்குச் சாதாரண ஃபோம் போட்டே தீரவேண்டுமென்றால் கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையாமல் பார்த்துக்கொள். பலகையை விட நாலு பக்கமும் கால் அங்குலம் கூட வெட்டு, அப்போதுதான் உறை விறைப்பாக நிற்கும். ஃபோமைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் கட்டுகிறவர்கள் உண்டு. அதை நீ செய்யாதே. தையல் வழியாகப் போன தண்ணி அந்தத் தாளுக்குள் மாட்டிக்கொண்டு நாறும்.

ரெக்சினுக்கு வருகிறேன். கார் ரெக்சின் உப்புக்காற்றிலும் வெயிலிலும் நிற்காது. மரைன் வினைல் என்று கேள். அதில் வெயிலுக்கும் பூஞ்சைக்கும் மருந்து கலந்திருக்கும். பின்பக்கத் துணியில் ரெண்டு நூலை உருவிக் கொளுத்திப் பார், உருகி முத்தாகத் திரண்டால் பாலியஸ்டர். பேப்பர் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி, வேண்டாம். நிறம் கேட்டால் இளஞ்சாம்பல் அல்லது சந்தன நிறம் சொல். கறுப்பு வெயிலில் தொடையைச் சுடும். வெள்ளையில் ரோஸ் கறை பளிச்சென்று தெரியும். இந்த ரோஸ் கறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மேலே எதுவும் கொட்டி வந்ததில்லை அது. ஈரமான உள்பக்கத்தில் வளரும் நுண்ணுயிர் விடுகிற சாயம் கீழேயிருந்து வினைலுக்குள் ஏறி வருவது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பிளீச் போட்டால் வினைலும் சேர்ந்து காய்ந்து வெடிக்கும்.

அளவு கணக்கு ஒன்று போட்டுக்காட்டுகிறேன். 48 அங்குல நீளம், 20 அங்குல அகலம், 4 அங்குல உயரம் உள்ள பெஞ்சு என்று வை. வினைல் அகலம் 54 அங்குலம். மேல் துண்டு, தையலுக்குச் சுற்றிலும் அரை அங்குலம் விட்டு 49க்கு 21. பக்கப் பட்டைக்கு உயரம் 4, தையலுக்கு அரை, பலகைக் கனம் அரை, கீழே மடித்து ஸ்டேப்லர் பின் அடிக்க ரெண்டரை, ஆக ஏழரை அங்குலம். அதில் 49 அங்குல நீளத்தில் ரெண்டு. 21 அங்குலத்தில் ரெண்டு, இவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கிவிடும். ஆக 21 கூட்டல் மூன்று ஏழரை, நாற்பத்து மூன்றரை அங்குலம். தையல் ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கிற பைப்பிங்குக்கு ஒன்றரை அங்குலப் பட்டை மூன்று, நாலரை அங்குலம். மொத்தம் 48 அங்குலம், மீட்டரில் 1.22. நீ ஒன்றரை மீட்டர் வாங்கு. பைப்பிங்குக்குள்ளே பருத்திக் கயிறு வைக்காதே, அது திரி மாதிரி தண்ணியை உறிஞ்சிச் சுற்றிலும் கொண்டுபோகும். பிளாஸ்டிக் கயிறு வை.

குறி போட பால்பாயின்ட் பேனா கூடாது, பின்னால் போட்ட மை கொஞ்ச நாளில் முன்னால் எட்டிப் பார்க்கும். சாக்பீஸ் போதும். வெட்டின துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றியும் வைக்காதே, அந்த மையும் ஏறும். குண்டூசியும் ஆகாது, அதன் ஓட்டை மூடாது. கிளிப் போட்டுப் பிடி. அப்பாவின் பத்து அங்குலக் கத்தரியை ரெக்சினுக்கு மட்டும் எடு. ஃபோமை அதால் வெட்டி மழுக்கிவிடாதே, அதற்கு ரொட்டிக் கத்தி இருக்கிறது. கத்தரியை எண்ணெய் தடவித் துணியில் சுற்றித்தானே வைத்திருக்கிறாய்? அதன் கைப்பிடியில் அப்பா கட்டின சிவப்பு நூல் இன்னும் இருக்கிறதா? இங்கே நல்ல கத்தரி நாலைந்து இருக்கிறது தம்பி. சாயங்காலம் பட்டறையில் எல்லோரும் போனபிறகு வினைல் சுருளைப் பிரித்தால் நம்ம கடை வாசனை வரும். ஏழு மணி இருக்கும். அங்கே எட்டரை, நீ ஷட்டரை இறக்கிக்கொண்டிருப்பாய். அம்மா வாசலில் நிற்பாள்.

நூல் விஷயத்தில் கஞ்சத்தனம் பண்ணாதே. பருத்தி அழுகும், நைலான் வெயிலில் இற்றுப்போகும். வெயில் தாங்குகிற பாலியஸ்டர், நூல் கனம் டெக்ஸ் 90, அதற்கு 18ஆம் நம்பர் ஊசி. தையல் அங்குலத்துக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு. நெருக்கித் தைத்தால் பலமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். நம்ம மெஷினில் கீழ்த்துண்டு முந்தும், மேல்துண்டு பின்தங்கும். 49 அங்குலத் தையலில் அரை அங்குலம்கூட வித்தியாசம் வரும். அதனால் ஆறு அங்குலத்துக்கு ஒரு குறி ரெண்டு துண்டிலும் போட்டு, குறியைக் குறியோடு சேர்த்துப் போ. மெஷின் காலில் வினைல் ஒட்டினால், ஒட்டாத டெஃப்லான் கால் மாட்டு. இப்போது காரில் போடுகிற வைரக்கட்டத் தையலை அவர் கேட்பார். சாய்மானத்தில் மட்டும் போட்டுக்கொடு. உட்காரும் இடத்தில் அந்தக் கட்டம் போட்டால் தண்ணி தேங்குகிற இடத்திலேயே நூற்றுக்கணக்கில் ஓட்டை.

உறை மாட்டுகிற அன்று வினைலை கால் மணி நேரம் வெயிலில் காயவை, இளகி இழுக்க வரும். நாலு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின் அடித்துப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து மூலைக்குப் போ. மூலையைக் கடைசியில் முடி. பின்னுக்குப் பின் ஒரு அங்குலம். ரொம்ப இழுத்தால் தையல் வாய் திறக்கும், பார்த்துக்கொள். பின் 10 மி.மீ., 316 ஸ்டெயின்லெஸ். காந்தம் வைத்துப் பார், லேசாக ஒட்டினால் பரவாயில்லை, இழுத்துப் பிடித்தால் அது இரும்பு. சாதா பின் அடித்தால் ஆறு மாதத்தில் துருவாகி, உறை பலகையை விட்டுக் கழன்று தொங்கும். கீழே மூடுகிற துணி வலையாக இருக்கட்டும், வடிகிற ஓட்டையை மறைக்காதே.

திருப்பி மாட்டும்போது படகு உடம்பில் ஓட்டை லூசாகிப்போயிருந்தால் பெரிய ஸ்க்ரூ போடாதே. எபாக்சியால் அடைத்து, இறுகினபின் புதிதாகத் துளைத்து, ஸ்க்ரூவுக்குத் தண்ணி புகாமல் அடைக்கிற சீலன்ட் தடவி முடுக்கு. கொடுக்கும்போது அவரிடம் சொல்லி அனுப்பு: கடலுக்குப் போய்வந்தால் நல்ல தண்ணியில் அலசி, சீட்டைச் செங்குத்தாக நிறுத்திவைக்கவேண்டும். அழுக்குக்கு லேசான சோப்புத் தண்ணி போதும்.

ஒரு பெஞ்சுக்கு ரெண்டு முழு நாள் என்று கணக்குப் போட்டுக் கூலி சொல். சாமான் பணம் முழுவதையும் முன்னாலேயே வாங்கிவிடு. நம்ம கைக்காசைப் போடாதே.

மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் சேர்த்தே நகர்த்துகிற வாக்கிங் ஃபூட் மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கத்தான் வேண்டும். ஆனால் இந்த ஒரு வேலைக்காக அவசரப்பட வேண்டாம், தீபாவளி போகட்டும். அதுவரை மாமா கடை மெஷினில் தைத்துக்கொள், வாடகை கொடுத்துவிடு, சும்மா கேட்காதே. இந்த மாதம் பணம் கொஞ்சம் தள்ளி வரும். பேங்கில் ஏதோ தாமதம், வேறொன்றும் இல்லை.

சித்தப்பா கடை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதே. அப்பா பெயரில் இருக்கிற பழைய தாளைப் பெரிய அத்தானிடம் காட்டி, அவர் சொன்னபிறகு பேசு. சித்தப்பாவிடம் குரலை உயர்த்தாதே, நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்கவேண்டும்.

அம்மா கண் ஆபரேஷனை ஆவணிக்கு மேல் தள்ளாதே. சொட்டு மருந்தை நீயே விடு, அவள் மறந்துவிட்டு விட்டாச்சு என்பாள்.

பாப்பா காதுகுத்தை ஆவணியில் வைக்கலாமா என்று அக்கா கேட்டாளாம். தையில் வைத்துக்கொள்ளச் சொல். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்தவேண்டும், நான் தைக்கு வந்துவிடப் பார்க்கிறேன். கம்மல் நான்தான் போடுவேன், அக்காவை வாங்கச் சொல்லாதே. அவள் வருத்தப்பட்டால் எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல், வேறு எதுவும் சொல்லாதே.

பலகை அளவு, ஓட்டை இருக்கும் இடம் எல்லாம் ஒரு தாளில் வரைந்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லாமல் வினைலில் கத்தரி வைக்காதே.

உன் அண்ணன்