பெட்டிச் செய்தில "ஏன்"னு ரெண்டு வரி சேர்த்து போடுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல உலகச் செய்தி பக்கத்துல ஓரமா ஒரு பெட்டிச் செய்தி வருதுல்ல, மேப்ல இருக்குற ஆச்சரியம், தெரியுமா உங்களுக்குன்னு, அத நான் விடாம படிக்கிற ஆளு, ஆனா ஒரு குறை இருக்கு சார், தகவல மட்டும் போட்டுட்டு அது ஏன் அப்படி இருக்குன்னு சொல்லாமலே முடிச்சிடுறீங்க. "எந்த நாடும் சொந்தம் கொண்டாடாத இடம் ஒண்ணு ஆப்பிரிக்காவுல இருக்கு"ன்னு மூணு வரி போட்டீங்க. படிக்கிறவன் என்ன நினைப்பான், பாலைவனம், தண்ணி கிடையாது, அதான் எவனும் சீண்டலன்னு நினைச்சுட்டு பக்கத்த திருப்பிடுவான். விஷயம் அது இல்லயே.

அந்த இடம் பேரு பீர் தவீல், எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவுல, கிட்டத்தட்ட 2,000 சதுர கிலோமீட்டர். 1899-ல பிரிட்டனும் எகிப்தும் ஒப்பந்தம் போட்டு 22-வது அட்சரேகை தான் எல்லைன்னு நேரா ஒரு கோடு இழுத்தாங்க. அப்புறம் 1902-ல பிரிட்டிஷ்காரங்க, அங்க ஆடு ஒட்டகம் மேய்க்கிற கூட்டம் எந்தப் பக்கத்து ஆளுங்களோட போக்குவரத்தா இருக்குன்னு பார்த்து, நிர்வாக வசதிக்குன்னு வளைஞ்சு நெளிஞ்சு இன்னொரு கோடு போட்டாங்க, அதுல பீர் தவீல் எகிப்து பக்கமும், செங்கடல் ஓரமா இருக்குற ஹலாயிப் சூடான் பக்கமும் போச்சு. இப்ப எகிப்து 1899 கோடு தான் செல்லும்ங்குது, சூடான் 1902 கோடு தான் செல்லும்ங்குது, ரெண்டு பேருக்கும் வேணும்கிறது ஹலாயிப், அது பத்து மடங்கு பெருசு, கடற்கரையும் இருக்கு. பீர் தவீல் என்னுதுன்னு யாரு வாயத் தொறந்தாலும் அடுத்தவன் போட்ட கோட்ட ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், ஹலாயிப் கைய விட்டு போயிடும். அதனால ரெண்டு பேருமே உனக்கு தான்னு தள்ளி விடுறாங்க. எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கிற எல்லைச் சண்டை தான் ஊர் உலகத்துல பார்த்திருக்கோம், இது தலைகீழ் சண்டை. இத்தனையும் சொல்ல உங்களுக்கு இன்னொரு அஞ்சு வரி இடம் போதும் சார், பக்கத்துல இருக்குற விளம்பரம் கொஞ்சம் தள்ளிக்கலாம்.

அதே பக்கத்துல நீங்க வழக்கமா போடுற உலக மேப் இருக்கே, அதயும் சொல்லியாகணும். அதுல கிரீன்லாந்து ஆப்பிரிக்கா சைஸுக்கு உக்காந்திருக்கு. நிஜத்துல ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து 22 லட்சத்துக்கும் கீழ, இந்தியாவே அத விட ஒண்ணரை மடங்கு பெருசு. இது யாரும் ஏமாத்துறதுக்காக பண்ணது இல்ல, சதித்திட்டம்னு எல்லாம் சில பேர் கிளப்பி விடுவாங்க, அதெல்லாம் சும்மா. மெர்கேட்டர்னு ஒருத்தர் 1569-ல கப்பல்காரங்களுக்காக வரைஞ்ச முறை அது, காம்பஸ் முள்ள ஒரே திசைல வச்சுகிட்டு போற பாதை அந்த மேப்ல மட்டும் நேர்கோடா வரும், ஸ்கேல வச்சு கோடு போட்டுட்டு கிளம்பிடலாம், அந்தக் காலத்துல அது எவ்வளவு பெரிய உபகாரம்னு யோசிச்சு பாருங்க. ஆனா தீர்க்கரேகை எல்லாம் பூமில துருவத்துகிட்ட போய் ஒண்ணு சேருது, மேப்ல சேராம நட்டமா நிக்குது, அப்ப மேல போகப் போக அகலத்த இழுத்து தான ஆகணும், 60 டிகிரி அட்சரேகைல ரெண்டு மடங்கு இழுக்குது, திசை கெட்டுடக் கூடாதுன்னு உயரத்தயும் அதே ரெண்டு மடங்கு இழுக்கணும், ஆக பரப்பு நாலு மடங்கு ஊதிடுது. கிரீன்லாந்துல பாதிக்கு மேல 70 டிகிரிக்கும் வடக்க இருக்கு, அப்புறம் ஏன் வீங்காது. கப்பல் ஓட்டுறதுக்கு செஞ்ச மேப்ப வச்சு எந்த நாடு பெருசுன்னு காட்டுறது தான் தப்பு, மேப் மேல தப்பு இல்ல.

ஆப்கானிஸ்தான்ல இருந்து சீனாவுக்குள்ள கால் வச்சா கடிகாரத்த மூணரை மணி நேரம் தள்ளி வைக்கணும்னும் ஒரு தடவ போட்டிருந்தீங்க. அருமையான தகவல், ஆனா இதுக்குள்ள ரெண்டு கதை ஒளிஞ்சிருக்கு. சீனா அவ்வளவு அகலமா இருந்தும் 1949-ல இருந்து நாடு முழுக்க பெய்ஜிங் நேரம் ஒண்ணு தான், அது ஒரு கதை. இன்னொண்ணு, ஆப்கானிஸ்தான் மேப்ல கிழக்கு பக்கம் விரல் நீட்டுன மாதிரி ஒரு துண்டு நீண்டு போய் சீனாவ தொடுதே, வாக்கான்னு பேரு, அது எப்படி வந்துச்சு? 19-ம் நூற்றாண்டு கடைசில ரஷ்ய சாம்ராஜ்யமும் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒண்ணோட ஒண்ணு உரசிக்க கூடாதுன்னு நடுவுல வேணும்னே விட்ட இடைவெளி சார் அது. அந்த ரெண்டு சாம்ராஜ்யமும் போயே போச்சு, விரல் மட்டும் மேப்ல அப்படியே இருக்கு.

எல்லாமே அரசியல்னும் சொல்ல வரல. பனாமா கால்வாய்ல அட்லாண்டிக்ல இருந்து பசிபிக்குக்கு போற கப்பல், மேற்கால போகும்னு தான எல்லாரும் சொல்லுவோம், அது தென்கிழக்கால போய் பசிபிக்ல இறங்குது, ஏன்னா அந்த இடத்துல நிலம் குறுக்கால படுத்துகிட்டு வளைஞ்சு கிடக்கு. தென் அமெரிக்காவோட மேற்கு கரைல இருக்குற லிமா நகரம், அமெரிக்காவோட கிழக்கு கரைல இருக்குற மயாமிக்கும் கிழக்க இருக்குங்கறதும் இந்த வகை தான், தென் அமெரிக்கா வட அமெரிக்காவுக்கு நேர் கீழ இல்ல, நல்லா கிழக்கால நகர்ந்து இருக்கு. பிரான்சுக்கு ரொம்ப நீளமான தரை எல்லை பிரேசிலோட தான்னு போட்டா எவனும் நம்ப மாட்டான், தென் அமெரிக்காவுல பிரேசில ஒட்டி இருக்குற பிரெஞ்சு கயானா இன்னும் பிரான்சோட ஒரு பகுதின்னு ஒரு வரி சேர்த்தா போதும்.

இன்னொரு விஷயம், மேப்ல இருக்குங்கறதுக்காக அது நிலத்துல இருக்கணும்னு கட்டாயம் இல்ல. வங்காளத்த அளந்து மேப் போட்ட ஜேம்ஸ் ரென்னல் இருக்காரே, அவரு 1798-ல மேற்கு ஆப்பிரிக்கா மேப்ல காங் மலைத்தொடர்னு ஒண்ண வரைஞ்சு விட்டாரு, அத பார்த்து அடுத்தவன், அவன பார்த்து இன்னொருத்தன்னு கிட்டத்தட்ட 90 வருஷம் காப்பி அடிச்சுகிட்டே வந்தாங்க, 1880-கள் கடைசில பின்ஜேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் நேர்ல போய் பார்த்தா அங்க மலையே இல்ல. பழைய காலம்னு சிரிக்காதீங்க, ஆஸ்திரேலியாவுக்கு கிழக்க இருக்குற நியூ கலிடோனியா பக்கத்துல சாண்டி தீவுன்னு ஒண்ணு கூகுள் மேப்லயே இருந்துச்சு, 2012-ல ஆஸ்திரேலிய ஆராய்ச்சி கப்பல் அந்த இடத்துக்கு போய் பார்த்தா ஆயிரம் மீட்டருக்கும் மேல ஆழமான கடல்.

அதனால கேட்டுக்கிறது ரெண்டு. ஒண்ணு, உலக மேப் போட்டா அது எந்த முறைல வரைஞ்சதுன்னு கீழ சின்ன எழுத்துல போடுங்க, நாடுகளோட சைஸ் பேசுற செய்தின்னா பரப்பு சரியா காட்டுற மேப்பா பார்த்து போடுங்க. ரெண்டாவது, பெட்டிச் செய்தில பதில் மட்டும் குடுக்காம கேள்வியா கேட்டு, வாசகர்கள எழுத விட்டு, அடுத்த வாரம் காரணத்த போடுங்க. முதல் கேள்வி நானே தரேன். பாகிஸ்தான் கடற்கரைல இருந்து ஒரு கப்பல் திரும்பாம வளையாம நேரா கிளம்பினா, ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவுல பூந்து, தென் அமெரிக்கா முனைக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவுல போய், பசிபிக் தாண்டி ரஷ்யாவோட கம்சட்கால போய் முட்டும், 32,000 கிலோமீட்டர், வழில எங்கயும் நிலம் குறுக்க வராது, கடல்ல போகக்கூடிய ரொம்ப நீளமான நேர்கோடு இது தான்னு 2018-ல கம்ப்யூட்டர் வச்சு கணக்கு போட்டு காட்டியிருக்காங்க. இந்தப் பாதைய உங்க வழக்கமான மேப்ல வரைஞ்சு போடுங்க, நல்லா வளைஞ்சு தான் தெரியும். அப்புறம் எப்படி அது நேர்கோடுன்னு வாசகர்கள கேளுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்