கீழ் வீட்டம்மாவின் கிண்ணம்

அம்மு,

நேற்று போனில் "கீழ் வீடு காலியாகுதும்மா, ரெண்டு பெட்ரூம், வீட்டுக்காரர் முதல்ல என்கிட்டதான் சொன்னாரு, 1,500 யூரோதான், லிஸ்பனுக்கு இது ரொம்ப சீப்" என்று நீ சந்தோஷமாகச் சொன்னபோது, சரி, பார்த்துச் செய் என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. திரும்பக் கூப்பிட்டால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நாலு பதில் சொல்வாய், அதான் எழுதுகிறேன்.

கீழ் வீடு காலியாகவில்லை, அம்மு. காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஜூனில் உன்னிடம் வந்து தங்கியிருந்தபோதே எனக்குத் தெரியும்.

நீ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லண்டன் ஆபீசோடு பேசிக்கொண்டிருந்த மத்தியானங்களில் நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். கீழ் வீட்டம்மா விடியற்காலை நாலரைக்கு ஆபீஸ் துடைக்கப் போய்விட்டு பத்து மணிக்கு வந்து, ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் துணி காயப்போட்டுவிட்டு, அவரும் வந்து உட்காருவார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது, பாதி கை, பாதி போன் மொழிபெயர்ப்பு. ஒருநாள் மளிகை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். சம்பளம் 870. போர்ச்சுகல் நாட்டுக் குறைந்தபட்சக் கூலியே 2025-ல் அவ்வளவுதான். அதில் 11 சதவீதம் சமூகப் பாதுகாப்புக்குப் பிடித்தம் போக கையில் 774. வருஷத்துக்கு 14 சம்பளம், கோடையில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று கூடுதல், அதையும் சேர்த்து 12 ஆகப் பிரித்தாலும் மாதம் 900 சொச்சம். வாடகை 450. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு 1,100 என்று எழுதி, வீட்டுக்காரர் கேட்பது என்று விரலால் மேலே காட்டினார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கடிதம் வந்துவிட்டது. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறார், பிறந்தது அதே தெருவின் முனையில்.

அன்றைக்கு 1,100. இப்போது உனக்கு 1,500. நீ அதை சீப் என்கிறாய்.

தப்பு சொல்லவில்லை, உன் சம்பளத்துக்கு அது சீப்தான். நீ போன 2023-ல் குறைந்தபட்சக் கூலி 760, அதில் நாலு மடங்கு, 3,040 யூரோ மாத வருமானம் காட்டினால்தான், வெளிநாட்டுக் கம்பெனி வேலையை அங்கே உட்கார்ந்து பார்க்கிற உங்களைப் போன்றவர்களுக்கான அந்த விசா என்று நீதானே சொன்னாய்? 2022 அக்டோபரில் கொண்டுவந்தார்களாம். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. அந்த ஊரில் நாலு பேர் வாங்குகிற கூலியை ஒருத்தரே வாங்கினால்தான் உள்ளே விடுவேன் என்று அரசாங்கமே எழுதி வைத்துவிட்டு, அந்த நாலு பேரும் நீயும் ஒரே தெருவில் வீடு தேடுங்கள் என்றால் யாருக்கு வீடு கிடைக்கும்? வரியும் உனக்கு 20 சதவீதம்தான். அதே வேலையை அதே சம்பளத்துக்குப் பார்க்கிற உள்ளூர்ப் பையன் அதைவிடக் கூடுதலாகக் கட்டுகிறான். 2024-லிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் சலுகையை மூடிவிட்டார்கள் என்றாய், நீ கடைசி வண்டியில் ஏறியவள்.

எல்லாம் உங்களால்தான் என்று நான் நம்பவில்லை. அந்தம்மாவின் மகனுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், ஹோட்டலில் சமையல் வேலை, பரெய்ருவிலிருந்து தினமும் படகில் ஆற்றைத் தாண்டி வருகிறான். அவனிடம் கேட்டேன். உங்களைத் திட்டவே இல்லை. 2011-ல் நாடே கடனில் விழுந்து 7,800 கோடி யூரோ வாங்கியது, கொடுத்தவர்கள் போட்ட நிபந்தனையில் 2012-ல் வாடகைச் சட்டத்தைத் தளர்த்தினார்கள், குடியிருப்பவரைக் கிளப்புவது சுலபமாயிற்று என்று ஆரம்பித்தான். அதே வருஷம் கோல்டன் விசா, 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் வசிக்க அனுமதி. வீடு வாங்கும் வழியை 2023-ல்தான் அடைத்தார்கள். நடுவில் லிஸ்பனின் பழைய பகுதியான அல்ஃபாமா பக்கமெல்லாம் டூரிஸ்ட் வாடகை வீடாக மாறியது. அரசு வீடு என்று பார்த்தால் நாட்டில் 2 சதவீதம்தானாம். நீங்கள் வந்தது இவ்வளவுக்கும் அப்புறம். எரிகிற அடுப்பில் கடைசிக் கட்டை நீங்கள், அவ்வளவுதான்.

ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது நீங்கள்தான். வாடகைக்கு வருகிற டூரிஸ்ட்டுகள் தாங்களே சாவி எடுத்துக்கொள்ள உங்கள் தெருக் கதவுகளில் தொங்கும் எண் பூட்டுச் சாவிப் பெட்டிகளை ஒருநாள் எண்ணினேன், பதினேழு. முனைக் கடையில் நின்றுகொண்டே குடிக்கிற குட்டிக் காபி 90 சென்ட். எதிரே நீ லாப்டாப்பைத் திறந்து உட்காரும் கடையில் 4 யூரோ, விலைப்பலகையில் போர்ச்சுகீசே கிடையாது. 2024-ல் பார்சிலோனாவில் டூரிஸ்ட் கூட்டம் வேண்டாம் என்று ஊர்க்காரர்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்த டூரிஸ்ட்டுகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் அடித்ததை டிவியில் பார்த்து அப்பா விழுந்து விழுந்து சிரித்தாரே, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. ரவை வாங்க பென்ஃபொர்மோசு தெருவுக்குக் கூட்டிப் போனாயே, அங்கே இருக்கிற வங்கதேசத்துப் பையன்களும் வெளியூர்க்காரர்கள்தான். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்துக்கொண்டு உனக்கு ராத்திரி சாப்பாடு கொண்டு வந்து கொடுக்கிறார்கள். 2024 டிசம்பரில் அந்தத் தெருவில்தான் போலீஸ் ஆட்களைச் சுவரோடு வரிசையாக நிறுத்திச் சோதனை போட்டது. உன்னை யாரும் நிறுத்தவில்லை.

வேளச்சேரி வீடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 2005, நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். வாடகை 3,500. வீட்டுக்காரம்மா ஒருநாள் வந்து, ஐ.டி. பசங்க மூணு பேர் சேர்ந்து 8,000 தரேங்கறாங்க, நீங்களே யோசிச்சுக்கோங்க என்றார். வீடு பார்க்க அந்தப் பையன் வந்தபோது நான் சாம்பார் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தான், ஆண்ட்டி என்று மரியாதையாகக் கூப்பிட்டான், என் பக்கத்தில் வந்து நின்று பிரிட்ஜ் எங்கே வைக்கலாம் என்று டேப் வைத்து அளந்தான். நல்ல பையன்தான். நாம் ஊரப்பாக்கம் போனோம், நீ ஸ்கூல் மாறினாய், நான் ஒன்பது வருஷம் ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன். இன்றைக்கும் எனக்கு அவன் முகம் நினைவிருக்கிறது. வீட்டுக்காரம்மா முகம் மறந்துவிட்டது.

நீ எடுக்காவிட்டால் இன்னொருத்தர் எடுப்பார், தெரியும். வீட்டுக்காரர் மனசு மாறப் போவதில்லை, அதுவும் தெரியும். அந்த வீட்டுக்குப் போகாதே என்று நான் உத்தரவு போடவில்லை, உனக்கு முப்பது வயசாகிறது. ஆனால் டேப் எடுத்துக்கொண்டு அளக்கப் போவதற்கு முன்னால் ஒருதரம் மத்தியானத்தில் போய் அந்தப் படியில் உட்கார். எங்கே போகப் போகிறீர்கள், எப்போது என்று நீயே கேள். ரெண்டரை வருஷத்தில் அவரிடம் போர்ச்சுகீசில் நீ சொன்னது நன்றி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

போகிறபோது கையில் கிண்ணம் இருக்கட்டும். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் அரிசிப் பாயசம் கொண்டு வந்தாரே, மேலே பட்டைத் தூளில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, நீ "இது டெஸர்ட்மா, சூடு பண்ணாதே" என்றாயே, அந்த நீலக் கரை போட்ட வெள்ளைக் கிண்ணம். அடுப்புக்கு மேல் தட்டில், பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்காதே. ரவா லட்டு சுலபம்தான், ரவையை மட்டும் சிறு தீயில் பொறுமையாக வறு, நெய்யில் கஞ்சத்தனம் பண்ணாதே.

அம்மா