கார் ஆடியோ கடை போடலாமா என்று கேட்ட மச்சானுக்கு

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சார்ஜாவிலிருந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டேன். கீழக்கரையில் கார் ஆடியோ கடை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏசி, சுவர் நிறைய ஸ்பீக்கர், வருகிறவர்கள் உட்கார சோஃபா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் வளைகுடாவில் இருந்துகொண்டு இதே யோசனையில் இருக்கிற நம்ம பிள்ளைகள் நிறையப் பேர், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடை போடு. ஆனால் நீ சொல்கிற கடை வேண்டாம். பொருளை அடுக்கி வைத்து விற்கிற ஷோரூம் நம்ம கரையில் நிற்காது. வயரிங்கை ஒழுங்காகச் செய்கிற, வேறு இடத்தில் கெடுத்துக்கொண்டு வருவதைச் சரிசெய்து கொடுக்கிற பட்டறை நிற்கும், அதற்கு இங்கே ஆளே போதவில்லை.

ஏன் என்று கேள். ஒரு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவின் விலை நீ சொல்வதற்கு முன்பே வாடிக்கையாளர் போனில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். பாதிப் பேர் ஆன்லைனில் வாங்கிய பெட்டியைக் கையோடு கொண்டுவந்து "போட்டு மட்டும் குடு பாய்" என்கிறார்கள். அவர்களோடு விலையில் மல்லுக்கட்ட நம்மால் முடியாது, முடிந்தாலும் மிஞ்சுவது ஒன்றும் இல்லை. அடுத்தது, முன்பெல்லாம் டேஷ்போர்டில் செட் உட்கார 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம், சிங்கிள் டின் என்று ஒரே அளவு ஓட்டை. உயரத்தை இரட்டித்தால் டபுள் டின். எந்தக் கம்பெனி செட்டும் எந்த வண்டியிலும் உட்கார்ந்துவிடும். இப்போது கொஞ்சம் மேல் வேரியண்ட் எடுத்தாலே கம்பெனிக்காரனே டச் ஸ்கிரீன் வைத்துத் தருகிறான், ரிவர்ஸ் கேமரா முதல் வண்டியின் செட்டிங்ஸ் வரை அதற்குள்தான், கழற்றிவிட்டு வேறு போட்டால் ஏதாவது ஒன்று வேலை செய்யாது. ஆக உனக்கு மிஞ்சுவது அடி வேரியண்ட் கார்கள், பழைய கார்கள், டாக்ஸிகள். அப்புறம் ஸ்கிரீனை விட்டுவிட்டு ஸ்பீக்கரையும், சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப்பையும் (ஆம்ப்ளிஃபயர்) மட்டும் மாற்றச் சொல்கிறவர்கள். நாலு வகையிலும் காசு கைவேலையில்தான் இருக்கிறது, பெட்டியில் இல்லை.

இந்தக் கைவேலை சார்ஜாவில் ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி. போன மழை முடிந்த சமயம் என் பட்டறைக்கு ஒரு டாக்ஸி வந்தது. ராமேஸ்வரம் வண்டி, தினமும் அரிச்சல்முனை வரை ஆள் ஏற்றிப் போய்த் திரும்புவது. 2017-ல் அந்த ரோடு திறந்ததிலிருந்து தனுஷ்கோடி சவாரி நிறையப் பேருக்குச் சோறு போடுகிறது, ஆனால் ரெண்டு பக்கமும் கடல், காற்று அடித்தால் மணலும் உப்புத் தண்ணியும் வண்டி மேல்தான். டிரைவர் சொன்ன புகார் ரெண்டு: இடது கதவு ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடுகிறது, காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது. கதவின் உள்பக்க மூடி, அந்த டோர் பேடைக் கழற்றினேன். உள்ளே ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட்டையே காணோம். முதலில் ஸ்பீக்கர் மாட்டியவர் அதைக் கிழித்துத் தூக்கிப் போட்டிருக்கிறார். கண்ணாடி வழியாக இறங்குகிற தண்ணீர் கதவுக்குள் போவது சகஜம், கீழே ஓட்டை வழியாக வடிந்துவிடும், அது இந்தப் பக்கம் வராமல் தடுக்கத்தான் அந்த ஷீட். அது இல்லாததால் தண்ணீர் நேராக ஸ்பீக்கர் மேல் வழிந்து, பேப்பர் கோன் ஊறி உப்பி, ஃபிரேம் துருப்பிடித்து, வயர் சொருகுகிற முனையில் விரலில் ஒட்டும் அளவுக்குப் பச்சைப் பவுடர். போதாததற்கு சத்தம் அதிராமல் இருக்க ஒட்டுகிற டேம்பிங் ஷீட்டைக் கதவின் அடி வரை இழுத்து ஒட்டி, வடிகிற ஓட்டைகளையும் அடைத்துவிட்டார். கதவின் அடித்தகடு உள்ளிருந்தே அரிக்க ஆரம்பித்திருந்தது.

சரி, பேட்டரி ஏன் இறங்குகிறது? செட்டை வெளியே இழுத்தால் கம்பெனி கப்ளரை, அதாவது வயர்களைச் சொருகுகிற பிளக்கை, வெட்டி எறிந்துவிட்டு வயரோடு வயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார். நம்ம வெயிலுக்கு டேப்பின் பசை உருகி ஒழுகி, டேப் தளர்ந்து, உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. செட்டுக்கு மஞ்சள் வயர் எப்போதும் வருகிற 12 வோல்ட், சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் வர வேண்டியது. ரெண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே லைனில் கொடுத்துவிட்டார். சாவியை எடுத்தாலும் செட் முழுசாக அணையாது, ராத்திரி முழுக்கப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த டிரைவர் இதற்காகப் புதுப் பேட்டரியே வாங்கிப் போட்டிருந்தார், அதுவும் இறங்கியது. தினமும் ஓட்டினால்தான் அடுப்பு எரியும் என்கிற மனுஷன் அவர். எனக்கு வயிறு எரிந்தது.

நீ கடை போட்டால் இதைச் செய்யாத கடையாக இருக்க வேண்டும், இந்த ஒன்றுக்காகவே உன்னைப் போடச் சொல்கிறேன். அந்தந்த வண்டிக்கு உரிய கப்ளரை வாங்கிச் சொருகு, கம்பெனி வயரில் கத்தி வைக்காதே. இணைப்பு என்றால் உலோக முனையில் வைத்து நசுக்கி கிரிம்ப் பண்ணி, பசை உள்ள ஸ்லீவைப் போட்டுச் சூடு காட்டி மூடு. ஆம்ப்புக்குப் போகிற பவர் வயரில் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும், என்ஜின் பக்கமிருந்து உள்ளே வருகிற தகட்டு ஓட்டையில் கிராமெட் என்கிற ரப்பர் வளையம் இல்லாமல் வயரை இழுக்கக் கூடாது. அந்தத் தகட்டு விளிம்பு வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, ஃப்யூஸும் இல்லாவிட்டால் வண்டி பற்றி எரியும். ஆடியோ வயர் ஒரு பக்கம், பவர் வயர் மறுபக்கம், இல்லாவிட்டால் ஆக்ஸிலேட்டர் மிதிக்கிற போதெல்லாம் ஸ்பீக்கரில் கொய்ங் என்று சத்தம் வரும். பவர் வயரில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம், விலை பாதி. மின்சாரம் கடத்துவது அசல் செம்பில் கிட்டத்தட்ட மூன்றில் ரெண்டு பங்குதான். செம்பும் அலுமினியமும் சேர்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பு சீக்கிரம் வரும், நம்ம ஊரில் உப்பு ஈரம் இல்லாத நாள் ஏது? பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பார், வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

இனி உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படாதே. நீ அங்கே இத்தனை வருஷம் கவுண்டரில் நின்றவன். எந்தச் செட் எந்த வண்டிக்குப் பொருந்தும், எந்த ஆம்ப்புக்கு எந்த ஊஃபர் (அடிச்சத்த ஸ்பீக்கர்) என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி, என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனால் டேஷ்போர்டுக்குள் கை விட்டு வேலை செய்தது வேறு ஆட்கள், நீ பில் போட்டாய். இங்கே ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறாய். அவன் ஒரு வருஷத்தில் வேலை பழகி உன் கடைக்கு எதிரிலேயே தனியாகப் போடுவான், அது அவன் தப்பும் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், இப்போது முன் கண்ணாடி ஓரத்துத் தூணான முன் பில்லரில் ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கரைப் பொருத்தச் சொல்லி வருகிற வண்டிகளில் அந்த பில்லருக்குள்ளேயே கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அங்கே கை வைக்க வேண்டும், வயரை அந்தப் பைக்குக் குறுக்கே போட்டுவிட்டால் விபத்தில் அது சரியாக விரியாது. இதைத் தெரியாத பையனை நம்பி ஒரு குடும்பம் போகிற வண்டியை விடுவாயா? விட மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். அப்படியானால் நீயே கற்றுக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை லீவுக்கு வரும்போது விருந்து, கல்யாணம் என்று சுற்றாமல் என் பட்டறைக்கு வா. லுங்கியைக் கட்டிக்கொண்டு சீட்டுக்கு அடியில் படு. ஒரு லீவு பூராவும் அதைச் செய்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் கடை போடு. குறைந்தால் அங்கேயே இரு, உன் வேலை நல்ல வேலை.

இடம். கீழக்கரைத் தெருக்களில் ரெண்டு கார் எதிரெதிரே வந்தாலே ஒன்று பின்னால் போக வேண்டும், அங்கே வாடிக்கையாளர் வண்டியை எங்கே நிறுத்துவாய்? ஒரு ஆம்ப் வேலை என்றால் வண்டி காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்கும். ராமநாதபுரத்தில் பட்டணம்காத்தான் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ரெண்டு வண்டி உள்ளே நிற்கிற மாதிரி ஒரு ஷெட் பார். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், உச்சிப்புளி, ஏர்வாடி என எல்லாப் பக்கத்து ஆட்களும் ஏதாவது வேலையாக ராமநாதபுரம் வந்தே தீர வேண்டும். ஒன்று பார்த்துக்கொள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் இடம், 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி அது. ஊஃபரை டெஸ்ட் பண்ணுகிற தொழிலுக்கு அந்த எல்லைக்குள் ஷெட் எடுக்காதே. பள்ளிவாசல், கோயில் பக்கத்திலும் வேண்டாம், அதற்குச் சட்டம் எதற்கு.

வாடிக்கையாளர்கள் என்று நீ கணக்குப் போட்டது வெளிநாட்டில் சம்பாதித்து லீவுக்கு வருகிற நம்ம சபுராளிகளை. அவர்கள் பெருநாளுக்கும் பள்ளிக்கூட லீவுக்கும் வருவார்கள், நன்றாகச் செலவு பண்ணுவார்கள், போய்விடுவார்கள். ராமேஸ்வரத்துக்கு ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வருகிற ஆயிரக்கணக்கான வண்டிகளைப் பார்த்தும் மயங்காதே, வெளியூர்க்காரர் நம்மிடம் ஊஃபர் வாங்க வரவில்லை. வருஷம் முழுக்க வருகிறவர் ராமேஸ்வரம் டாக்ஸிக்காரர், டூரிஸ்ட் வேன்காரர், கேரளாவுக்கு ராத்திரி ராத்திரியாக மீன் ஏற்றிப் போகிற வண்டிக்காரர். தூக்கம் வராமல் இருக்க அவருக்குப் பாட்டு வேண்டும், நாலு ஸ்பீக்கரும் ஒரு சாதாரண செட்டும் போதும், ஆனால் மீன் தண்ணி வடிகிற வண்டியில் அது ஒரு வருஷம் தாங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த ரெண்டு மாசம் கரையில் காசு புழங்காது, கடன் கேட்பார்கள். அதற்கு முன்கூட்டியே வாடகைப் பணத்தை எடுத்து வைத்துவிடு. தடைக்காலத்தில் திறப்பு விழா வைக்காதே.

கூடவே சன் ஃபிலிம், பம்பர் கார்டு போட்டால் லாபம் என்றாயே. கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது, முன்னால் மாட்டுகிற இரும்பு கார்டுக்கு 2017-ல் மத்திய அரசு தடை போட்டது. ரிவர்ஸ் கேமரா, டேஷ் கேமரா இந்த ரெண்டும் போதும், கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள்.

பணம். மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம், சிறுபான்மையினருக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் மீதி வட்டிக்கடன். உன் வாப்பா வட்டி வாசலை மிதிக்க மாட்டார், நீயும் மாட்டாய். அதனால் கைக்காசுக்குள் அடங்குகிற கடையாகப் போடு. கண்ணாடி முகப்பும் சோஃபாவும் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல கிரிம்பிங் டூல், கிளாம்ப் மீட்டர், டோர் பேட் கிளிப் வகைகள், வண்டி வாரியாகக் கப்ளர்கள் வாங்கு. ஸ்டீரியோ நாலைந்துக்கு மேல் அடுக்காதே, ஆறு மாசத்தில் புது மாடல் வந்துவிடும், பழசு உன் தலையில் விழும். பெட்டி கொண்டுவருகிறவரைத் திருப்பி அனுப்பாதே. பொருத்துக்கூலியைப் போர்டில் எழுதி மாட்டு, அதில் பேரம் வேண்டாம், வேலைக்கு ஒரு வருஷம் பொறுப்பு என்றும் எழுது.

உம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வேலையை விடுகிற கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்காதே. கையில் எவ்வளவு இருக்கிறது, அதில் வீட்டுச் செலவுக்கு ஒரு வருஷத்துக்கு ஒதுக்கியது போக எவ்வளவு மிஞ்சும், இந்த ரெண்டு எண்ணை மட்டும் எழுதி அனுப்பு. லீவு தேதியையும் சொல்லு, அந்த வாரம் வருகிற டோர் வேலையை எல்லாம் உனக்காக நிறுத்தி வைக்கிறேன்.

உன் மச்சான்,
ராமநாதபுரம்